நிலக்கரியிலிருந்து யூரோ வரை: ஐரோப்பிய ஒருங்கிணைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைவர்களின் பேச்சுகளை மட்டும் படித்தால் இந்த வரலாறு பாதிதான் புரியும். ரயில் கட்டணம், சுங்க விகிதம், ஒரு பாட்டில் மதுவில் எத்தனை சதவீதம் ஆல்கஹால் என்பது போன்ற சின்ன விஷயங்களில்தான் நாடுகள் உண்மையில் ஒன்றோடொன்று கட்டுப்பட்டன. கீழே உள்ள பதில்களில் அவற்றுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

எந்த நாளைத் தொடக்கமாகக் கொள்ள வேண்டும்?

எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரான்ஸ், ஜெர்மனியின் நிலக்கரியையும் எஃகையும் ஒரே ஆணையத்தின் கீழ் வைக்கும் யோசனை 'ஷூமன் அறிக்கை'யாக வெளியான நாள் 1950 மே 9. அதையே இன்று 'ஐரோப்பா நாள்' என்று கொண்டாடுகிறார்கள். முதல் அமைப்பான ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகத்துக்கான பாரிஸ் ஒப்பந்தம் 1951 ஏப்ரல் 18-ல் கையெழுத்தாகி, 1952 ஜூலை 23-ல் நடைமுறைக்கு வந்தது. பொதுச் சந்தையை உருவாக்கிய ரோம் ஒப்பந்தம் 1957 மார்ச் 25-ல் கையெழுத்தானது. 'ஐரோப்பிய ஒன்றியம்' என்ற பெயர் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தோடு, 1993 நவம்பர் 1-ல்தான் வந்தது. ஆகவே '1957-ல் ஐரோப்பிய ஒன்றியம் தொடங்கப்பட்டது' என்று எழுதினால் தவறு.

ஏன் நிலக்கரியையும் எஃகையும் பிடித்தார்கள்?

ஆயுதம் செய்ய அவை வேண்டும் என்பது எல்லோரும் சொல்லும் காரணம். அது சரிதான், ஆனால் அதைவிட நெருக்கமான காரணம் ஒன்று இருந்தது. பிரான்சின் லொரேன் பகுதியில் இரும்புத் தாது உண்டு. அதை உருக்கத் தேவையான நல்ல கோக் கரி ஜெர்மனியின் ரூர் பகுதியில் கிடைத்தது. போருக்குப் பிறகு பிரான்சின் தொழில்களை நவீனமாக்கும் திட்டத்தை ழான் மொனே நடத்திக்கொண்டிருந்தார். ரூர் கரி வராவிட்டால் அந்தத் திட்டமே படுத்துவிடும்.

அதுவரை ஜெர்மனியின் எஃகு உற்பத்திக்கு ஆண்டுக்கு 1.11 கோடி டன் என்று நேச நாடுகள் வரம்பு வைத்திருந்தன. பனிப்போர் சூடேறியதும் ஜெர்மனியை நிமிரவிட வேண்டும் என்று அமெரிக்கா நினைக்கத் தொடங்கியது. 1950 மே மாதம் லண்டனில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் வெளியுறவு அமைச்சர்கள் கூடும்போது அந்த வரம்பைத் தளர்த்தும் பேச்சு வரும் என்று பாரிஸுக்குத் தெரியும். தடுக்க வலு இல்லை. சும்மா இருந்தால், ஜெர்மனி கட்டுப்பாடின்றி மறுபடி வலுப்பெறும் 1920-களின் கதை திரும்பும். அப்போது மொனே கண்ட வழி: ஜெர்மனியின் கையை மட்டும் கட்டாமல், பிரான்சின் கையையும் சேர்த்துக் கட்டுவது. இரு நாட்டின் உற்பத்தியும் ஒரே பொது ஆணையத்தின் கீழ். தோற்ற நாட்டுக்கு இதில் சம மரியாதை இருந்தது, அதனால்தான் ஜெர்மன் பிரதமர் கொன்ராட் அடினாவர் உடனே ஒப்புக்கொண்டார்.

ஷூமன் அறிக்கையை எழுதியது ஷூமன்தானா?

பொறுப்பேற்றது பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன். எழுதியது மொனேயும் அவருடன் இருந்த சிறு குழுவும்: சட்டப் பேராசிரியர் போல் ரொய்டர், பொருளியலாளர் பியேர் உரி, பொறியாளர் எத்தியேன் இர்ஷ். ஏப்ரல் நடுவிலிருந்து மே முதல் வாரம் வரை வரைவுக்கு மேல் வரைவாக மாற்றி எழுதினார்கள். ஷூமனின் அலுவலகத் தலைவர் பெர்னார் கிளாப்பியே ஒரு பிரதியை அவர் கையில் சேர்த்தார். ஷூமன் அதை மெட்ஸ் நகருக்குப் பக்கத்தில் உள்ள தன் ஊரான சி-ஷசெலுக்கு வார இறுதியில் எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வந்து, ஏற்றுக்கொள்கிறேன் என்றார்.

மே 9 காலையில் பிரெஞ்சு அமைச்சரவை கூடியிருந்தபோது, ஷூமனின் தூதர் மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பொன் நகரில் அடினாவரிடம் கடிதத்தைக் கொடுத்துச் சம்மதம் வாங்கினார். அந்தப் பதில் பாரிஸுக்கு வந்த பிறகே ஷூமன் அமைச்சரவையில் விஷயத்தை எடுத்தார். மாலையில் வெளியுறவு அமைச்சகத்தின் கடிகார மண்டபத்தில் செய்தியாளர் கூட்டம். அவசரத்தில் புகைப்படக்காரர்களை யாரும் அழைக்கவில்லை. இன்று பாடநூல்களில் வரும் படம் பின்னர் அதே இடத்தில் மறுபடி நடித்து எடுத்தது.

உயர் ஆணையம் உண்மையில் என்ன செய்தது?

நிலக்கரி எஃகுச் சமூகத்தை நடத்திய அந்தப் பொது ஆணையம்தான் இது. லக்சம்பர்க்கில் 1952 ஆகஸ்ட் 10-ல் வேலையைத் தொடங்கியது. 9 உறுப்பினர்கள், முதல் தலைவர் மொனே. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் என்ற ஆறு நாட்டு நிறுவனங்களிடமிருந்து நேரடியாக வரி வசூலிக்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. கரி, எஃகு உற்பத்தி மதிப்பில் 1 சதவீதம் வரை யாரையும் கேட்காமல் விதிக்கலாம். எந்த நாட்டு நிதியமைச்சரின் தயவிலும் இல்லாத பணம் இது.

சாதனைகளில் நாம் முதலில் சொல்வது ரயில் கட்டணத்தைத்தான். ரூரிலிருந்து லொரேனுக்குப் போகும் கரி வண்டி எல்லையைத் தாண்டியதும், கட்டணக் கணக்கு புதிதாகத் தொடங்கும். அதாவது ஒரே பயணத்தை இரண்டு குறும்பயணங்களாகக் கணக்கிட்டு, ஏற்றுக்கூலியை இரு முறை பிடித்து, நெடுந்தூரத்துக்குக் கிடைக்கவேண்டிய சலுகையையும் மறுத்துவிடுவார்கள். வண்டி நிற்பதே இல்லை, காகிதத்தில் மட்டும் நிற்கும். சுங்கவரியை எடுத்த பிறகும் இது மறைமுக வரியாகவே இருந்தது. 1955 முதல் நேர்க் கட்டணம் வந்து அது ஒழிந்தது. மூடப்பட்ட சுரங்கங்களின் தொழிலாளர்களுக்கு மறுபயிற்சிப் பணமும், வீடு கட்டக் கடனும் கிடைத்தன.

தோல்வியும் உண்டு. 1958-ல் மலிவான எண்ணெயும் அமெரிக்கக் கரியும் வந்து, விற்காத கரி சுரங்க வாசல்களில் மலைபோலக் குவிந்தது. 'வெளிப்படையான நெருக்கடி' என்று அறிவித்து உற்பத்திக்குப் பங்கீடு வைக்க உயர் ஆணையம் முயன்றது. 1959-ல் அமைச்சர்கள் மன்றம் மறுத்துவிட்டது. மொனேயின் முதல் வரைவில் அமைச்சர்கள் மன்றமே கிடையாது; நெதர்லாந்தும் பெல்ஜியமும் வற்புறுத்திச் சேர்த்தது அது. தேசிய அரசுகளின் கை எங்கே ஓங்கும் என்பதை அந்த மறுப்பு காட்டிக்கொடுத்தது.

'நிறுவனத் தந்தையர்' எல்லோரும் கத்தோலிக்கக் கட்சிக்காரர்களா?

இல்லை. ஷூமன், அடினாவர், இத்தாலியின் அல்சிடே டி காஸ்பெரி மூவரும் கிறிஸ்தவ ஜனநாயகவாதிகள். மூவருக்கும் ஜெர்மன் மொழி தெரியும். ஷூமன் லக்சம்பர்க்கில் ஜெர்மன் குடிமகனாகப் பிறந்து, லொரேன் பிரான்சுக்குத் திரும்பியபோது பிரெஞ்சுக்காரரானவர். டி காஸ்பெரி பிறந்த திரெந்தினோ அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. வியன்னா நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர் அவர். எல்லைக்கோடு தங்கள் தலைக்கு மேலேயே நகர்ந்ததைப் பார்த்தவர்கள் என்பது கட்சி அடையாளத்தைவிட முக்கியம் என்பது எங்கள் கருத்து.

பெல்ஜியத்தின் பால்-ஹென்றி ஸ்பாக் சோசலிஸ்ட். மொனே கொன்யாக் பிராந்தி வணிகக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு தேர்தலிலும் நின்றதில்லை. அதிகம் மறக்கப்படுகிறவர் நெதர்லாந்தின் யோஹான் வில்லெம் பெயன், எந்தக் கட்சியையும் சேராத வங்கியாளர். அவர் இல்லாவிட்டால் பொதுச் சந்தை என்ற யோசனை 1950-களில் மேசைக்கே வந்திருக்காது.

பொது ராணுவம் அமைக்கும் முயற்சி என்ன ஆனது?

1952 மே 27-ல் ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூக ஒப்பந்தத்தில் ஆறு நாடுகளும் கையெழுத்திட்டன. 1954 ஆகஸ்ட் 30-ல் பிரெஞ்சு நாடாளுமன்றம் 319-க்கு 264 என்ற கணக்கில் அதைக் கைவிட்டது. யோசனை பிரான்சுடையது, கொன்றதும் பிரான்ஸ். ஜெர்மானியரிடம் மறுபடி துப்பாக்கியா என்ற அச்சமும், சொந்த ராணுவத்தை இழக்கிறோமே என்ற வேதனையும் அங்கே ஒன்று சேர்ந்துகொண்டன.

பிறகு எப்படி மூன்றே ஆண்டுகளில் ரோம் ஒப்பந்தம் வந்தது?

1955 ஜூன் தொடக்கத்தில் சிசிலியின் மெசினாவில் ஆறு வெளியுறவு அமைச்சர்கள் கூடினார்கள். மொனேக்கு அணுசக்தியில் கூட்டு வேண்டும். பெயனுக்கு எல்லாப் பொருளுக்குமான சுங்க ஒன்றியம் வேண்டும். இரண்டையும் ஆராய ஸ்பாக் தலைமையில் குழு அமைந்தது. பிரிட்டன் ரஸ்ஸல் பிரெதர்டன் என்ற அதிகாரியை அனுப்பியது. அந்த நவம்பரில் அவர் விலகினார். 1956 ஏப்ரலில் ஸ்பாக் அறிக்கை தயார்.

பிரான்சை இழுத்து வருவதுதான் கடினம். தன் விவசாயிகளுக்குச் சந்தை, கடல் கடந்த பகுதிகளுக்கு இடம், ஆண்-பெண் சம ஊதியம் என்ற மூன்று நிபந்தனைகளை அது வைத்தது. மூன்றும் ஏற்கப்பட்டன. 1956 நவம்பர் 6-ல், பிரான்சும் பிரிட்டனும் எகிப்தோடு மோதிய சூயஸ் நெருக்கடியின் உச்சத்தில், அடினாவர் பாரிஸில் பிரெஞ்சுப் பிரதமர் கி மொல்லேயுடன் இருந்தார். அன்றுதான் அமெரிக்க நெருக்குதலால் போர்நிறுத்தம் வந்தது. தனியாக நின்றால் இதுதான் கதி என்ற உணர்வு பல முட்டுக்கட்டைகளைத் தளர்த்தியது.

கையெழுத்து ரோமின் கேப்பிடோலின் குன்று மண்டபத்தில் நடந்தது. அச்சு வேலை முடியாததால் தலைவர்கள் முன் வைத்த தடித்த கட்டில் பெரும்பாலும் வெற்றுத் தாள்களே இருந்தன. கையெழுத்துப் பக்கம் மட்டும் சரியாக இருந்தது.

ஒன்றியச் சட்டம் தேசியச் சட்டத்தைவிட மேல் என்று ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது?

ரோம் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை. லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் இரண்டு சிறிய வழக்குகளில் அதை நிலைநாட்டியது. இந்த வரலாற்றில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முதல் வழக்கு பசை செய்யப் பயன்படும் ரசாயனம் பற்றியது. 1960 செப்டம்பரில் வான் கெண்ட் என் லோஸ் என்ற டச்சு நிறுவனம் ஜெர்மனியிலிருந்து யூரியா-ஃபார்மால்டிஹைடு இறக்குமதி செய்தது. முன்பு 3 சதவீதமாக இருந்த வரி, பொருளை வேறு வகைப்பாட்டுக்கு மாற்றியதால் 8 சதவீதமாகிவிட்டது. தங்களுக்குள் சுங்கவரியை உயர்த்தக் கூடாது என்று ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. இது நாடுகளுக்கு இடையிலான வாக்குறுதி, ஒரு கம்பெனிக்கு இதைக் கேட்க உரிமை இல்லை என்று அரசுகள் வாதிட்டன. உரிமை உண்டு என்று 1963 பிப்ரவரி 5-ல் நீதிமன்றம் சொன்னது: இது புதிய சட்ட ஒழுங்கு, குடிமக்களும் அதில் உரிமை உள்ளவர்கள்.

இரண்டாவது, மிலானில் ஒரு மின்கட்டண ரசீது. மின் நிறுவனங்கள் தேசியமயமானதை எதிர்த்து, வழக்கறிஞர் பிளாமினியோ கொஸ்தா 2,000 லீராவுக்கும் குறைந்த ஒரு கட்டணத்தைக் கட்ட மறுத்தார். 1964 ஜூலை 15-ன் தீர்ப்பு, ஒப்பந்தத்துக்குப் பின் இயற்றிய தேசியச் சட்டம்கூட அதை மீற முடியாது என்றது.

நடைமுறையில் இது இயங்கும் விதம் எளிமையானது. உள்ளூர் நீதிபதிக்கு ஐயம் வந்தால் வழக்கை நிறுத்திவைத்து லக்சம்பர்க்குக்குக் கேள்வி அனுப்புவார். பதில் வந்ததும் தீர்ப்பை எழுதுவது அதே உள்ளூர் நீதிபதிதான். சொந்த நாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை அரசு தள்ளிவிட முடியாது. ஒன்றியச் சட்டமே மேல் என்பதை ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் போன்றவை முழுவதுமாக ஒப்புக்கொண்டதில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

'வெற்று நாற்காலி நெருக்கடி' என்பது என்ன?

1965-ல், ரோம் ஒப்பந்தம் உருவாக்கிய பொருளாதாரச் சமூகத்தின் ஆணையத்துக்கு முதல் தலைவரான வால்டர் ஹால்ஸ்டீன் மூன்று விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டினார்: விவசாய மானியத்துக்கு நிதி, சமூகத்துக்குச் சொந்த வருமானம், நாடாளுமன்றத்துக்குக் கூடுதல் அதிகாரம். முதலாவது பிரான்சுக்குக் கட்டாயம் வேண்டும், அதனால் மற்ற இரண்டையும் விழுங்கிவிடும் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பியது. 1966 ஜனவரி முதல் பல விஷயங்களில் பெரும்பான்மை வாக்கு வரவிருந்ததும் பிரெஞ்சு அதிபர் சார்ல் டி கோலுக்குப் பிடிக்கவில்லை. ஜூலையில் பிரான்ஸ் தன் பிரதிநிதியைத் திரும்ப அழைத்தது. ஏழு மாதம் நாற்காலி காலி.

1966 ஜனவரி இறுதியில் வந்த 'லக்சம்பர்க் சமரசம்' உண்மையில் கருத்து வேறுபாட்டைப் பதிவு செய்த குறிப்பு மட்டுமே. முக்கிய தேச நலன் என்றால் ஒருமித்த முடிவு வரும்வரை பேச வேண்டும் என்றது பிரான்ஸ். மற்ற ஐவர் ஒத்துக்கொள்ளவில்லை. சட்ட வலு இல்லாத அந்தத் தாள் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வீட்டோவாக வேலை செய்தது. பிரிட்டன் சேர்வதை 1963-லும் 1967-லும் தடுத்ததும் டி கோல்தான்; அது 1973-ல்தான், அயர்லாந்து, டென்மார்க்குடன் சேர முடிந்தது.

இந்த வரலாற்றில் பெண்களே இல்லையா?

இருக்கிறார்கள், படத்தில்தான் இல்லை. முசோலினி ஆட்சியில் வென்தொதேனே தீவுச் சிறையில் 1941-ல் அல்டியெரோ ஸ்பினெல்லியும் எர்னெஸ்டோ ரோஸ்ஸியும் கூட்டாட்சி ஐரோப்பாவுக்கான அறிக்கையை எழுதினார்கள். அதைத் தீவிலிருந்து வெளியே கொண்டுசென்றவர் உர்சுலா ஹிர்ஷ்மன்.

பெல்ஜிய விமானப் பணிப்பெண் கேப்ரியேல் தெஃப்ரேன், அதே வேலை செய்த ஆண் ஊழியரைவிடக் குறைந்த ஊதியம் பெற்றார். அவரது பணி ஒப்பந்தத்தில் பெண்களுக்கு 40 வயதில் வேலை முடிந்துவிடும். அவர் கேட்ட ஊதிய வித்தியாசம் 12,716 பெல்ஜிய பிராங்க். பிரான்ஸ் தன் ஜவுளித் தொழிலைக் காக்கச் சேர்த்த அந்தச் சம ஊதியப் பிரிவை, வழக்கறிஞர் எலியான் வோகல்-போல்ஸ்கி நீதிமன்றத்தில் உயிர்ப்பித்தார். 1976 ஏப்ரல் 8-ல் வெற்றி. ஆனால் பழைய நிலுவைகளை எல்லோரும் கேட்டால் செலவு தாங்காது என்று அரசுகள் முறையிட்டதால், அதற்கு முன்பே வழக்குத் தொடுத்தவர்களைத் தவிர மற்றவர்களுக்குத் தீர்ப்புக்குப் பிந்தைய காலத்துக்கே பலன் கிடைத்தது. அந்த வரம்பு நியாயமற்றது என்றே நாங்கள் நினைக்கிறோம்.

1979-ல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தலைவர் சிமோன் வேய். 16 வயதில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டு உயிர்தப்பியவர்.

ஒற்றைச் சந்தையும் பொதுச் சந்தையும் ஒன்றா?

இல்லை. பொதுச் சந்தைக்காக 1968 ஜூலை 1-ல் உள் சுங்கவரிகள் நீங்கின. ஆனால் தரவிதிகள் புதிய சுவராக நின்றன. பிரான்சின் திஜோன் நகரத்துக் கருந்திராட்சை மதுவில் 15 முதல் 20 சதவீதம் ஆல்கஹால். ஜெர்மனியிலோ பழ மதுவுக்குக் குறைந்தது 25 சதவீதம் வேண்டும். ஆல்கஹால் குறைந்த மது, குடிப்பழக்கத்தை மெல்ல உடலுக்குப் பழக்கிவிடும் என்பது ஜெர்மன் அரசின் வாதம். பாட்டில் ஒட்டியில் சதவீதத்தை அச்சிட்டால் போதும் என்று 1979 பிப்ரவரி 20-ல் நீதிமன்றம் சொன்னது. ஒரு நாட்டில் சட்டப்படி விற்கும் பொருளை, தகுந்த காரணமின்றி இன்னொரு நாடு தடுக்கக் கூடாது என்ற விதி அங்கிருந்து வந்தது.

ஜாக் டெலோர் 1985-ல் ஆணையத் தலைவரானதும், இத்தகைய சுவர்களை நீக்கும் ஒற்றைச் சந்தையைத் திட்டமாக்கினார். ஏறக்குறைய 300 சட்டங்களின் பட்டியலைத் தயாரித்தவர் பிரிட்டனின் காக்ஃபீல்ட் பிரபு. கெடு 1992 டிசம்பர் 31. 1987-ல் அமலான ஒற்றை ஐரோப்பியச் சட்டம் பெரும்பான்மை வாக்கைத் திரும்பக் கொண்டுவந்ததால்தான் அத்தனை சட்டங்கள் நகர்ந்தன.

யூரோவில் சேர என்ன அளவுகோல்? எங்கே தவறு நேர்ந்தது?

பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள், கடன் 60 சதவீதத்துக்குள் அல்லது அதை நோக்கி இறங்குவதாக, பணவீக்கம் மிகக் குறைந்த மூன்று நாடுகளின் அளவைவிட 1.5 புள்ளிக்கு மேல் போகாமல், நீண்டகால வட்டி அதே நாடுகளின் அளவைவிட 2 புள்ளிக்கு மேல் போகாமல், நாணய மாற்று விகிதம் இரண்டாண்டு நிலையாக.

பிழை இரண்டு இடத்தில். வட்டி விகிதத்தை ஐரோப்பிய மத்திய வங்கி என்ற ஒரே வங்கி முடிவு செய்கிறது. வரியும் செலவும் தனித்தனி அரசுகளிடம். வீழும் நாட்டைத் தூக்கப் பொது நிதி அப்போது இருக்கவில்லை. மற்றவர் கடனை ஏற்கக் கூடாது என்றும் ஒப்பந்தம் சொல்கிறது. அடுத்தது, 2003-ல் ஜெர்மனியும் பிரான்சுமே 3 சதவீதத்தை மீறியபோது அமைச்சர்கள் மன்றம் நடவடிக்கையை நிறுத்திவைத்தது. பெரியவர்களுக்கு விலக்கு உண்டென்று சிறியவர்கள் கண்டுகொண்டார்கள். 2009 அக்டோபரில் கிரேக்கத்தின் உண்மையான பற்றாக்குறை வெளிவந்தபோது தயாராக ஒரு கருவியும் இல்லை.

ஐரோப்பிய மன்றம், ஒன்றிய மன்றம், ஐரோப்பிய அவை: எது எது?

'ஐரோப்பிய மன்றம்' நாட்டுத் தலைவர்கள் கூடுவது. திசையைத் தீர்மானிக்கும், சட்டம் இயற்றாது. 'ஒன்றிய மன்றம்' துறை அமைச்சர்கள் கூடுவது, சட்டம் இயற்றும். 1949-ல் தொடங்கி ஸ்ட்ராஸ்பர்கில் இயங்கும் 'ஐரோப்பிய அவை' ஒன்றியத்தைச் சேர்ந்ததே அல்ல. மனித உரிமை நீதிமன்றம் அதனுடையது. பன்னிரண்டு நட்சத்திரக் கொடியும் முதலில் அதனுடையதே: 1955-ல் ஏற்றுக்கொண்டது, ஒன்றியம் முப்பது ஆண்டு கழித்து எடுத்துக்கொண்டது. நட்சத்திர எண்ணிக்கைக்கும் உறுப்பு நாடுகளின் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை.

இன்று ஒரு சட்டம் எப்படி நிறைவேறுகிறது?

ஆணையம் வரைவை வைக்கும். தேசிய நாடாளுமன்றங்களுக்கு எட்டு வாரம்: இது எங்கள் மட்டத்தில் செய்யவேண்டிய வேலை என்று ஆட்சேபிக்கலாம். பிறகு ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஒன்றிய மன்றமும் ஒரே வாசகத்துக்கு உடன்பட வேண்டும். மன்றத்தில் 27 நாடுகளில் 15, மக்கள்தொகையில் 65 சதவீதம் ஆதரவு தேவை. தடுக்க வேண்டுமானால் குறைந்தது நான்கு நாடுகள் சேர வேண்டும். வரி, வெளியுறவு போன்றவற்றுக்கு ஒருமித்த முடிவே வேண்டும். தேக்கம் அங்கேதான் வரும்.

'ஒழுங்குமுறை' நேரடியாகச் சட்டம். 'வழிகாட்டு ஆணை' என்றால் ஒவ்வொரு நாடும் கெடுவுக்குள் தன் சட்டமாக எழுத வேண்டும். தாமதித்தால் ஆணையம் முதலில் கடிதம் அனுப்பும், அடுத்து காரணம் காட்டிய கருத்துரை, அதன்பின் வழக்கு, அபராதம்.

தமிழர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டா?

உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்த குடும்பங்கள், மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தால் ஒன்றியக் குடிமக்களும் ஆனார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு உண்டு.

19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்களைக் கூலிகளாகக் கொண்டுபோன ரெயூனியன் தீவு 1946 முதல் பிரான்சின் மாவட்டம். அதனால் ரோம் ஒப்பந்தம் தொடங்கிய நாளிலிருந்தே அது உள்ளே இருக்கிறது. எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியில் மட்டும் இல்லை. ஷெங்கன் விசா வைத்திருப்பவர் அங்கே போக அது செல்லுமா என்று தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். 2002 ஜனவரி 1-ல் நாள் அங்கே பாரிஸைவிட மூன்று மணி நேரம் முன்பே பிறந்ததால், யூரோ நாணயத்தில் நடந்த முதல் அதிகாரபூர்வக் கொள்முதல் அந்தத் தீவுச் சந்தையில்தான்: ஒரு கிலோ லிச்சிப் பழம்.